தள்ளிவிட்ட மண்

எங்கள் தெருவில் சத்தம் நின்றால்தான் ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். விசைத்தறி ஓடுகிற தெரு. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதானாலும் கத்தித்தான் பேச வேண்டும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் தூங்கும். கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழும். அந்த ஐப்பசியில் கரண்ட் இருந்தது, நூல் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். சத்தம் மட்டும் வீடு வீடாக அணைந்துகொண்டே வந்தது. மேற்கே மலைரோடு அறுந்துபோயிருந்தது.

துண்டும் கைலியும் கேரளத்துக்கு அனுப்புகிற ஒரு கடையில் நான் இருக்கிறேன், ஓய்ந்த நேரத்தில் கதையும் எழுதுவேன். எங்கள் சரக்கு சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி, செங்கோட்டை என்று போய், மலையேறி, அந்தப் பக்கம் புனலூரில் இறங்கும். புயல் தொட்டது எங்கோ ஒரு கடற்கரையை. கொட்டியது எங்கள் மலையில். ஒரு வளைவுக்கு மேலே இருந்த சரிவு மொத்தமாக இறங்கி வந்து ரோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த கனத்தில் பள்ளத்துப் பக்கம் ரோடும் தடுப்புச்சுவரும் பிய்ந்து கீழே போய்விட்டன. செல்போனில் படம் வந்தது. முதலாளி அதைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். ஏதோ அப்படிப் பார்த்தால் ஒரு வண்டி போக இடம் தெரியும் என்பதுபோல.

"போச்சு. சரக்குக் கட்டு பூரா இங்கன கெடந்து பூசணம் பூக்கப்போவுது," என்றார். "உம்ம அக்கா வீடு அந்த மலைக்கு அடியிலதான? அங்கன போயி இருந்து, ரோடு என்னைக்குத் தொறக்கான்னு பாத்துச் சொல்லும்வே. இங்கன இருந்து ஈ ஓட்டவா போறீரு?"

இப்படித்தான் நான் ஒரு ரோடு திறப்பதைப் பார்க்கப் போனேன்.

அக்கா வீட்டு வாசலில் நின்றால் மலை நெற்றியில் இடிக்கும். காதைக் கொடுத்தால் மேலே லாரிகள் கியர் மாற்றி முனகுவது கேட்கும். நான் போன அன்று அந்த முனகல் இல்லை. ஈரமான, பெரிய, ஒன்றும் சொல்லாத மலை. வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய எலுமிச்சைத் தோட்டம். நடுவில் கிணறு, ஓரத்தில் மலையிலிருந்து வருகிற ஓடை. அதுதான் சோறு, அதுதான் பிள்ளைகள் படிப்பு. வேறொன்றும் கிடையாது.

எலுமிச்சை ஒரு பதற்றமான மரம். தண்ணீர் குறைந்தாலும் முகத்தைத் திருப்பும், கூடினாலும் திருப்பும். அடிமரத்துத் தூரில் மட்டும் மண் அணையவே கூடாது. அணைந்தால் பட்டை அழுகி மெல்ல மெல்லச் செத்துப்போகும். அத்தான் ஒவ்வொரு மரத்தடியிலும் வட்டமாக மண் பறித்து, பிள்ளையின் கழுத்து மடிப்பைத் துடைத்துவிடுகிற மாதிரி, சுத்தமாக வைத்திருப்பார்.

அன்றைக்குக் களத்தில் பழம் குவிந்து கிடந்தது. தூரத்திலிருந்து பார்க்க மஞ்சள். கிட்டே போனால் புளித்த நாற்றமும் கொசு மாதிரிப் பூச்சிகளும். கேரளத்து ஊறுகாய்க்காரர்களுக்குப் போக வேண்டிய பழம். நாகர்கோவில் வழியாகச் சுற்றிக் கொண்டுபோனால் வண்டிக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வர வேண்டும்.

"வாரும் மாப்ள," என்றார் அத்தான். "ஊறுகாய் போட வந்தீரா? இந்தா கெடக்கு, சங்கரன்கோயிலுக்கே போடலாம்."

"நம்ம பக்கத்து மார்க்கெட்டுல போட்டா என்ன அத்தான்?"

"போடலாமே. எல்லாவனும் அங்கனதான் கொண்டு தட்டுதான். நேத்து ஒருத்தன் மூடைய எறக்கி வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போயிட்டானாம். பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போற மாதிரி."

அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "உங்கிட்டதாம்ல இந்தச் சிரிப்பு. ரெண்டு மூணு நாளா ஒரு வாய் சோறு எறங்கல அவுகளுக்கு."

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் யார் வண்டியைப் பின்னால் எடுத்தாலும், கூப்பிடாமலே போய் நின்று கையைக் காட்டுகிற ஆள் அவர். வரட்டும், வரட்டும், ஒடி, ஒடி, நில்லு. முன்பின் தெரியாத டிரைவராக இருந்தாலும் சரி. கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கால் எங்கே நட வேண்டும் என்று அவர்தான் சொல்லுவார். துஷ்டி வீட்டில் பாடைத் தேர் எந்தச் சந்து வழியாகத் திரும்பும் என்றும் அவர்தான் சொல்லுவார். அதில் பெருமை உண்டா என்றால் உண்டு. ஆனால் அதைவிட, ஒரு காரியம் தடுமாறி நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. சிலருக்குக் குழந்தை அழுதால் தாங்காது இல்லையா, அந்த மாதிரி.

மறுநாள் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு மேலே போனார். அடிவாரத்திலிருந்தே லாரிகள் வரிசை. வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள், வண்டிப் பக்கவாட்டில் சோறு பொங்கினார்கள். ஒரு லாரியில் தக்காளி தன் பாட்டுக்கு அழுது, சாறு சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

சரிந்த இடத்துக்கு வந்தோம். மண் என்றால் ஒரே நிறம் என்று நினைத்திருந்தேன். சிவப்பு, காவி, சாம்பல், அழுகிய பழத்தின் உள்பக்கம் மாதிரி ஒரு மஞ்சள். இத்தனை காலம் மலை உள்ளே வைத்திருந்த எல்லாம் வெளியே வந்து வெட்கமில்லாமல் கிடந்தது. உச்சியில் நின்ற ஒரு மரம், நின்ற வாக்கிலேயே இறங்கி வந்து, நடுரோட்டில் இலையோடு நின்றது. அதன் கிளையில் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

பொக்லைன் இயந்திரம் ஒன்று இருந்தது. அது மண்ணை அள்ளி டிப்பரில் போட வேண்டும். டிப்பர் கீழே போய் ஒரு பழைய கல்குவாரிப் பள்ளத்தில் தட்டிவிட்டு வர வேண்டும். டிப்பரோ அந்த லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டு, ஊர்ந்து, நின்று, ஹாரன் அடித்து, ஒரு நடை போய்வருவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும் போலிருந்தது. அதுவரை பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு சும்மா நிற்கும்.

"ஏங்க, இது வேல செய்யுதா, தியானம் பண்ணுதா?" என்று ஒரு நாமக்கல் லாரி டிரைவர் கேட்டார்.

பொக்லைன் ஓட்டுகிறவர் ராயகிரிக்காரர். இருக்கையிலிருந்து இறங்காமலே சொன்னார்: "டிப்பர் வந்தாத்தான அண்ணாச்சி. மண்ண எங்கன போட? உம்ம மடியிலயா?"

"எதுக்கு டிப்பரு? இந்தா வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு பள்ளம். ஒரு தள்ளு. சோலி முடிஞ்சுது."

"அதானே," "அதானே," என்று கூட்டத்தில் நாலைந்து குரல்.

காண்ட்ராக்டரின் மேஸ்திரி தலைக்கவசத்தைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "கீழ என்ன இருக்குன்னு தெரியாமத் தள்ளக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்கு ஒருத்தன் என் தோப்பு போச்சு, வீடு போச்சுன்னு வந்து நின்னா யாரு பதில் சொல்ல?"

"என்னத்த தோப்பு? காடு தெரியல கண்ணுக்கு?" என்றார் அந்த டிரைவர்.

"அத நீங்க சொல்லப்படாது. நீங்க நாமக்கல்லு. உள்ளூர்க்காரங்க யாராவது இருந்தா சொல்லட்டும்."

ஒரு நிமிஷம் எல்லோரும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள். காரியம் தடுமாறி நின்றது. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

பிய்ந்த விளிம்பில் நின்று எட்டிப்பார்த்தார். நானும் பார்த்தேன். கீழே பச்சை. பச்சைக்குமேல் பச்சை. அதற்குள் ஒரு பள்ளம் இடதுபக்கமாகச் சரிந்து போய், ஒரு பெரிய பாறைத் தோளுக்குப் பின்னால் மறைந்தது. இடது என்றால் வடக்கு. அக்கா வீடு, தோட்டம் எல்லாம் வலதுபக்கம், தெற்கே, எங்கோ தள்ளி.

"ஏ தம்பி," என்றார் அத்தான் மேஸ்திரியிடம். "நான் இந்த அடிவாரத்துக்காரன். பொறந்ததுலேருந்து இங்கனதான் கெடக்கேன். இந்தப் பள்ளத்துத் தண்ணி வடக்க போயி காட்டுக்குள்ள விழும். அங்கன மனுசன் சோலி ஒண்ணும் கெடையாது. பன்னியும் மிளா மானும்தான். தள்ளச் சொல்லும்."

"நிச்சயமா அண்ணாச்சி?"

"எம்பொறுப்புங்கேன்."

பொக்லைன் உறுமியது. அள்ளவில்லை, இந்த முறை தள்ளியது. முதல் மண் விளிம்பைத் தாண்டி விழுந்தபோது சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்து, ஆழத்திலிருந்து, யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒன்று மேலே வந்தது. கூட்டம் கைதட்டியது. டிரைவர்கள் விசிலடித்தார்கள். அத்தான் இயந்திரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் நின்றுகொண்டு கையைக் காட்டினார். "வரட்டும்... வரட்டும்... வரட்டும்... வுடு!" ராயகிரிக்காரர் சிரித்துக்கொண்டே விட்டார். நடுரோட்டில் நின்ற மரமும் போயிற்று. துண்டை எடுக்க மறந்துவிட்டார்கள்.

இயந்திரம் ஒவ்வொரு முறை விளிம்புக்குப் போனபோதும் எனக்குள் ஏதோ எழும்பிற்று. சந்தோஷம் என்றுதான் அதற்குப் பேர் வைத்தேன். நான் அங்கிருந்தே முதலாளிக்கு போன் அடித்தேன். "சரக்குக் கட்டெல்லாம் தயார்பண்ணுங்க."

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே ரோடு திறந்தது. முழு ரோடு இல்லை. மலையோரமாக ஒரு வண்டி போகிற அகலம். பள்ளத்துப் பக்கம் மணல்மூட்டை அடுக்கிச் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். அன்றைக்கு அத்தான் ஒரு மூடைப் பழத்தைப் பைக்கில் வைத்து மேலே கொண்டுவந்தார். அழுகாத, பொறுக்கி எடுத்த பழம். முதல் லாரியின் சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தார். லாரி நகர்ந்தது. சப்பென்று நசுங்கி, புளிப்பு வாசம் ஈரக் காற்றில் பரவியது. அடுத்த லாரிக்கும் வைத்தார். அதற்கடுத்த லாரிக்கும்.

"அண்ணாச்சி, போதும், ஒரு வண்டிக்கு வச்சா எல்லாத்துக்கும் வச்ச மாதிரிதான்."

"கெடக்கட்டும்வே. எம்பழத்துக்கு இந்த வருசம் டயருதான் மார்க்கெட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு அவர் மேலே நடந்ததை விவரமாகச் சொல்லவில்லை. பேசிப்பேசி ஒருவழியாக நகர்த்திட்டோம் என்று மட்டும் சொன்னார். மீந்த நல்ல பழம் வேனில் ஏறிப் போனது. நான் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் தெருவில் முதல் தறி, இரண்டாம் தறி என்று சத்தம் திரும்பி வந்தது. பிள்ளைகள் தூங்கின.

கார்த்திகை மழை புயல் இல்லை. பேர் வைக்காத, நிதானமான, அலுவலகத்துக்குப் போய்வருகிற ஆள் மாதிரி தினமும் மத்தியானம் வந்துபோகிற மழை. அதில் யாருக்கும் பயமில்லை. ஒருநாள் அக்கா போன் செய்தாள். அழவில்லை. குரல் மட்டும் தட்டையாக இருந்தது. "ஏலே, தோட்டத்துக்குள்ள மண்ணு வந்துட்டு. நீ வா."

வெள்ளம் என்றால் எனக்குத் தெரியும்; அடித்துக்கொண்டு வரும், இழுத்துக்கொண்டு போகும். இது அப்படி இல்லை. ஓடை வழியாகக் கூழ் மாதிரி வந்திருக்கிறது. அவசரமில்லாமல், விருந்தாளி மாதிரி, ஒவ்வொரு மரத்தடியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. கிணற்றில் பாதி நிறைந்துவிட்டது. நான் போனபோது மழை விட்டு, வெயில் அடித்து, மேல்மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. மரங்கள் முழங்கால் வரை, சில இடங்களில் இடுப்பு வரை மண்ணுக்குள் நின்றன. இலை எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி.

அத்தான் மண்வெட்டியோடு ஒரு மரத்தடியில் இருந்தார். தூரைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வாரும் என்று சொல்லவில்லை.

அக்கா சேற்றுக்குள் கைவிட்டு எதையோ உருவினாள். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கட்டி. அதில் சல்லி ஒட்டியிருந்தது.

"இது என்னதுங்க? தாரு மாதிரி இருக்கு?"

அத்தான் மண்வெட்டியை நிறுத்தினார். கொஞ்ச தூரத்தில், கிணற்றுப் பக்கம், தடுப்புச்சுவர்த் துண்டு ஒன்று கிடந்தது. கறுப்பும் வெள்ளையும் அடித்த பெயிண்ட் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்திருந்தது.

பின்னால், ஒருநாள் நானும் அவரும் ஓடை வழியாகவே மேலே ஏறிப் போனோம். அந்தப் பாறைத் தோளுக்குப் பின்னால் பள்ளம் வடக்கே போகவில்லை. பாறையில் முட்டி, ஆள் ஒருவர் புரண்டு படுக்கிற மாதிரி, அப்படியே தெற்கே திரும்பிற்று. திரும்பி, தோட்டத்து ஓடையாகிவிட்டது. அந்த ஓடையில் அவருக்குத் தெரியாத கல் கிடையாது. எந்த ஆழமான கசத்துத் தண்ணீரில் எந்த மாதம் நண்டு இருக்கும் என்று சொல்லுவார். ஆனால் அதெல்லாம் கீழிருந்து. ரோட்டிலிருந்து குனிந்து அவர் அதைப் பார்த்ததே இல்லை. அடிவாரத்துக்காரர்கள் அந்த வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்க்க மாட்டார்கள். அது கார் கொண்டுவந்து போட்டோ எடுக்கிறவர்கள் வேலை. தன் வீட்டுக் கூரையை மேலிருந்து பார்த்தவர் யார்?

தோண்டினோம். அத்தான், அக்கா, நான், கூலிக்கு இரண்டு பேர். மண்வெட்டி வேரில் படக்கூடாது என்று கடைசியில் கையால்தான். ஒரு மரத்தைக் கழுத்து வரை விடுவித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதற்குள் மறுபடி மத்தியான மழை. மறுபடி ஓடையில் செம்மண் கூழ். மேலே எவ்வளவு தள்ளினோமோ அவ்வளவும் இன்னும் அங்கேதான் இருந்தது. தவணை தவணையாக இறங்கிக்கொண்டிருந்தது.

தோண்டுகிறபோதெல்லாம் அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். கை வேலை செய்ய வாய் தனியாக ஓடும் அவளுக்கு. மேலே மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள் என்று தெருவில் கேட்டிருந்தாள், யார் சொல்லி என்று மட்டும் தெரியாது.

"எந்தப் பாவி இத தள்ளச் சொன்னானோ. அவன் கண்ணு அவிஞ்சா போச்சு? கீழ ஒரு சனம் இருக்கும், அதுக்கு ஒரு வயிறு இருக்கும்னு தோணாதா? சொல்லுங்க, தோணாதா?"

"தோணணும்தான்," என்றார் அத்தான்.

"அவன் வீட்டு அடுப்புல பூன தூங்கணும். அவன் பிள்ளைகுட்டி..."

"பிள்ளைகளச் சொல்லாத ட்டி," என்றார் அவர் சட்டென்று.

"ஏன் சொல்லப்படாது? எம்பிள்ளைக மட்டும் தெருவுல நிக்கவா?"

அவர் மறுபடி குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் அந்தச் சொல்லை எடுத்துவைக்க வேண்டியது நானில்லை. வைக்க வேண்டியவரோ, மேலே அத்தனை பேருக்கு முன்னால் அவ்வளவு சத்தமாகப் பேசியவர், வாயில் மண் அடைத்த மாதிரி இருந்தார்.

அன்றைக்கு மழை கொஞ்சம் கூடுதல். காலையில் விடுவித்த வரிசை மொத்தமும் சாயங்காலம் மறுபடி மூடிக்கிடந்தது. அக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துப்போட்டாள். குனிந்து இரண்டு கையிலும் அந்த ஈரமண்ணை அள்ளி, மலையைப் பார்த்து, அந்த ரோட்டைப் பார்த்து, வாரி இறைத்தாள். "தள்ளச் சொன்னவன் மண்ணாப் போவணும்! இதே மாதிரி அவன் தூர்ந்து போவணும்!" ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எங்கள் பக்கத்தில் அதைச் சும்மா செய்ய மாட்டார்கள். வாயால் ஆயிரம் ஏசலாம். மண்ணை அள்ளித் தூற்றினால் அது போய் விழுந்தே தீரும், தூற்றினவள் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. ஊரில் அது ஒரு ஆயுசுக்கு ஒருதரம் நடந்தால் அதிகம். கூலிக்காரர்கள் இரண்டு பேரும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். காற்று எதிர்த்து அடித்ததில் ஈரமண் கொஞ்சம் அத்தானின் தோளில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் இருக்கும். கிடைத்த பழத்தை ஏற்றிக்கொண்டு போக வேன் வந்தது. ஓட்டிவந்தவர் ரோடு திறந்த அன்று மேலே இருந்திருக்கிறார். இறங்கும்போதே வாயெல்லாம் பல்.

"அண்ணாச்சிய மறக்க முடியுமா? அன்னைக்கு அவுக மட்டும் முன்னால வந்து எம்பொறுப்புன்னு சொல்லலேன்னா, இன்னும் டிப்பர்ல அள்ளிகிட்டுத்தான் இருந்திருப்பானுவ. தள்ளுன்னாவ பாரு ஒரு சொல்லு! எக்கா, உங்க வீட்டுக்காரர்தான் இந்த ரோட்டத் தொறந்தது, தெரியும்லா?"

அக்கா கையில் பழக்கூடை இருந்தது. அதை இடுப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டாள். "அப்படியா," என்றாள். "டீ குடிக்கேளா?" என்று கேட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். சீனி சரியாக இருந்தது.

வேன் போன பிறகு அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அத்தானும் காத்திருந்தார், அதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று தோன்றியது, அடி விழட்டும் என்கிற மாதிரி. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். அன்றிலிருந்து அவள் தோண்டும்போது பேசுவதில்லை. மண்ணைத் தோண்டுகிற சத்தம் மட்டும். அதைவிட அவள் ஏசுவதே மேல் என்று இருந்தது.

மார்கழியில் மரம் பூத்தது. கொஞ்சநஞ்சமில்லை. இலை தெரியாமல் பூ. தோட்டத்துக்குள் போனால் தலை சுற்றுகிற வாசம். தெருவில் போகிறவர்கள் நின்று, "இந்தத் தடவ கொட்டப்போவுது, மண்ணு வந்ததும் நல்லதுக்குத்தான், புது மண்ணுல்லா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தான் அவர்களுக்குத் தலையாட்டினார். உயிர் போகப்போகிறது என்று தெரிந்தால் எலுமிச்சை அப்படித்தான் பூக்கும். கையில் இருப்பதை எல்லாம் அவசரமாகக் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கும். தூரில், நாங்கள் தோண்டி விடுவித்த மரத்தில்கூட, பட்டை வெடித்துப் பழுப்பாகப் பிசின் வடிந்தது. அத்தான் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொள்வார். ஒவ்வொரு மரமாக அதைச் செய்தார். ஒன்றாவது தப்பியிருக்கும் என்று.

ஒருநாள் அக்கா தனியாக சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல், பஸ்ஸில். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாள். கூட்டமில்லாத நேரம். கோமதியம்மன் சன்னதியில் அவள் கண்ணை மூடவே இல்லை. வெறிக்க வெறிக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து புற்றுமண் வாங்கினாள். நோய்நொடி என்றால் நெற்றியில் பூசவும் கரைத்துக் குடிக்கவும் எங்கள் ஊரில் எல்லோரும் வாங்குகிறதுதான். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரகாரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏலே."

"என்ன க்கா."

"அள்ளித் தூத்துன மண்ண திரும்பி வாங்க ஏதும் வழி இருக்கா? நீதான் என்னமெல்லாமோ எழுதுதியே. எதுலயாவது இருக்கா?"

நான் எழுதியதில் எதிலும் இல்லை.

"அவுகளுக்குத் தெரியும்ல, நான் ஏசும்போதெல்லாம். பக்கத்துலயே நின்னாவ. ஒரு சொல்லு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். வாங்கிகிட்டே நின்னிருக்காவ பாரு." அப்போதுதான் அவள் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. தேங்காய் விற்கிறவள் ஒருத்தி தன் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன். அத்தான் கிணற்றடியில் இருந்தார். தூர்ந்த கிணற்றுக்குள் கால் தொங்கப்போட்டுக்கொண்டு. அக்கா நேரே அவரிடம் போனாள். பொட்டலத்தைப் பிரித்தாள்.

அவர் அதைப் பார்த்தார். "இன்னும் மண்ணா கொண்டாந்தே?" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான். சிரிப்பு நடுவிலேயே உடைந்து வேறொன்றாகிப் போயிற்று. விரலில் மண்ணைத் தொட்டு அவர் நெற்றியில் இட்டாள். பிறகு தோளில், பிறகு நெஞ்சில், எங்கெல்லாம் தன் சொல் போய் விழுந்திருக்கும் என்று நினைத்தாளோ அங்கெல்லாம். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வராது ட்டி," என்றார். "எனக்கு வந்தாத்தான் தேவலையே. இந்த மரங்களுக்குல்லா வந்துட்டு."

மேலே ஒரு லாரி கியர் மாற்றியது. இன்னொன்று. ரோடு இப்போது இரண்டு பக்கமும் திறந்துவிட்டது; பள்ளத்துப் பக்கம் புதுச் சுவர் கட்டி, கறுப்பு வெள்ளை அடித்தாகிவிட்டது. என்னுடைய கட்டுகளும் அதில்தான் போய்வருகின்றன. அவர் எழுந்து, வேட்டியைத் தட்டி, கோடாலியை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனார். நல்ல பூவோடு நின்ற மரத்தில் ஒரு வெட்டு வெட்டினார். உள்ளே கட்டை பழுப்பு. அக்கா போய்க் கிளையைப் பிடித்துக்கொண்டாள், கிணற்றுப் பக்கம் சாயாமல் இருக்க. வெட்டு விழ விழ அவள் தலையிலெல்லாம் பூ கொட்டிற்று. அவர் கையைக் காட்டவில்லை, எந்தப் பக்கம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. மரமே ஒரு பக்கம் பார்த்துச் சாய்ந்தது.